பாட்டில் பாக்டீரியா ஊற்றியும் மீன் ஏன் செத்தது?

நீங்கள் கேட்டது இது. மகளின் பிறந்தநாளுக்கு 24-க்கு 12-க்கு 15 அங்குலத்தில் ஒரு தொட்டியும் ஆறு கோல்டு ஃபிஷும் வாங்கினீர்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, "இதுல பாக்டீரியா இருக்கு சார், ஊத்திட்டு இன்னைக்கே மீனை விடலாம்" என்றார். நான்காம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. மீதி நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாட்டில் போலியா, இன்னொன்று வாங்கி ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

பாட்டில் இருக்கட்டும், முதலில் உயிரோடு இருக்கும் நான்கு மீன்களைப் பார்ப்போம்.

இன்றைக்கே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்த பிறகு விடுங்கள். தொட்டியை எந்தத் தண்ணீரால் நிரப்பினீர்களோ அதே தண்ணீராக இருக்கட்டும். கேன் தண்ணீரில் தொடங்கியவர் திடீரென்று போர் தண்ணீரைக் கொட்டினால் வேறு ஆபத்து இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். காற்று மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும். இரண்டு நாளைக்குத் தீனி போடாதீர்கள். மகள் கேட்டாலும் போடாதீர்கள், கோல்டு ஃபிஷ் இரண்டு நாள் பட்டினியை நன்றாகவே தாங்கும். உங்கள் தொட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 60 லிட்டர் நிற்கும். 60 கிராம் கல் உப்பை ஒரு மக் தண்ணீரில் கரைத்து, அரை மணிக்கொரு தரமாக மூன்று தவணையில் ஊற்றுங்கள். நாளைக்கும் மறுநாளும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். எடுக்கும் தண்ணீரோடு உப்பும் போகும் என்பதால் 15 லிட்டர் மாற்றினால் 15 கிராம் உப்பைத் திரும்பச் சேருங்கள்.

வெளுத்த தொட்டியைப் பார்த்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கூழாங்கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்து ஒரே மாதத்தில் மூன்று முறை தொட்டியைப் புதிதாகத் தொடங்கி, மூன்று முறையும் மீனைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ன நடந்தது என்று பார்க்கலாம். மீன் விடும் கழிவில் பெரும்பங்கு அமோனியாதான். அது செவுள் வழியாக நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. சாப்பிடாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். இந்த அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்போது பெரிய தொந்தரவில்லை. கரைந்த அமோனியாவாக இருக்கும்போது செவுளைச் சுட்டுவிடும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஹெச்சும் (அமில, கார அளவு) சூடும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி சூட்டில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம்தான் விஷ உருவில் இருக்கும். அதே சூட்டில் பிஹெச் 8 என்றால் 7.5 சதவீதம். ஒன்பது மடங்குக்கு மேல்! என் வீட்டு போர் தண்ணீர் பிஹெச் 8-ஐ ஒட்டி நிற்கிறது, வெயில் காலத்தில் தொட்டி 30 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. குளிர் நாட்டில் எழுதிய "அமோனியா 1 பிபிஎம் வரை சமாளிக்கலாம்" என்ற கணக்கை (பிபிஎம் என்பது லிட்டருக்கு மில்லிகிராம்) இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

வளர்ந்த தொட்டியில் இந்த அமோனியாவை ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் விஷம் குறைவு, வாரா வாரம் தண்ணீர் மாற்றினாலே போதும். நடுவில் வரும் நைட்ரைட் கெட்டது. அது செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும், செவுள் பழுப்பேறும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டோடு அதே வாசலுக்குப் போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. உப்பு போடச் சொன்னது அதற்காகத்தான்.

இந்த இரண்டு கூட்டமும் மெதுவாகப் பெருகுபவை. நல்ல சூழலிலும் ஒன்று இரண்டாக அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகும். தண்ணீரை வெளுக்க வைத்த பாக்டீரியா வேறு ஜாதி. அது மீந்த தீனியைத் தின்று, ஒரு மணிக்குள்ளேயே இரண்டாகிவிடும், தண்ணீரின் ஆக்சிஜனையும் குடித்துவிடும். "தண்ணி வெளுத்தா பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று கடையில் சொல்வார்கள். வேலை செய்கிறதுதான், ஆனால் உங்களுக்கு வேண்டிய வேலையை அது செய்யவில்லை.

பாட்டிலுக்கு வருவோம். பாலுக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உறை மோர் இல்லாமல் பாலை வைத்தாலும் என்றோ ஒருநாள் புளிக்கும், எப்படிப் புளிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கரண்டி நல்ல உறை மோர் விட்டால் காலையில் தயிர். ஆனால் கொதிக்கிற பாலில் விட்டால் உறை செத்துவிடும், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாலில் விட்டால் உறையாது. உறை விட்ட அடுத்த நிமிடமே யாரும் தயிர் சாதம் பிசைவதில்லை. உங்கள் கடைக்காரர் அதைத்தான் செய்யச் சொன்னார்.

பாட்டிலில் இருப்பது எது என்பது அடுத்த கேள்வி. சந்தையில் இரண்டு வகை இருக்கிறது, லேபிளில் இரண்டுமே "நன்மை செய்யும் பாக்டீரியா"தான். ஒரு வகையில் பேசில்லஸ் போன்றவை இருக்கும். அவை வித்துகளாக மாறித் தூங்கக்கூடியவை. பொடியாகக் காய வைக்கலாம், வருடக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம், வெயிலையும் தாங்கும். தொட்டியின் அடியில் சேரும் அழுக்கைத் தின்னும். இறால் பண்ணைகளில் குளத்துச் சேற்றுக்குப் போடும் புரோபயாடிக்கிலும் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும். அழுக்கைத் தின்று அமோனியாவை வெளியே விடுவது இவற்றின் இயல்பு. அந்த அமோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோகும் வேலைக்கு இவற்றை நம்ப முடியாது. இரண்டாம் வகையில்தான் நமக்கு வேண்டியவை, அமோனியாவைத் தின்னும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டைத் தின்னும் நைட்ரோஸ்பைரா போன்றவை இருக்கும். இவை வித்தாகத் தூங்கத் தெரியாதவை. பாட்டிலுக்குள் உயிரோடு, பட்டினியாகக் காத்திருக்கின்றன. குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். உறைந்தால் சாகும், வெயிலில் வெந்தாலும் சாகும்.

லேபிளைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பொடி, என்சைம், பேசில்லஸ், "குளிரூட்டத் தேவையில்லை", நான்கைந்து வருட ஆயுள் என்றெல்லாம் இருந்தால் முதல் வகை. "ஒரு மில்லிக்கு இத்தனை கோடி சிஎஃப்யூ" என்று பெருமையாகப் போட்டிருந்தாலும் அநேகமாக அதேதான். சிஎஃப்யூ என்பது ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் சத்து அகார்த் தட்டில் வளரும் புள்ளிகளை எண்ணும் கணக்கு, நைட்ரோசோமோனாஸ் அந்தத் தட்டில் வளராது. நைட்ரோஸ்பைரா என்ற பெயரும், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் வரியும், அருகிலேயே காலாவதி மாதமும் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

அந்தப் பெயரை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பாட்டில் பாக்டீரியாவுக்குக் கெட்ட பெயர் வந்த கதையே அதில்தான் இருக்கிறது. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பாடப்புத்தகங்கள் பல காலம் சொல்லி வந்தன, பாட்டில் செய்தவர்களும் அதையே அடைத்தார்கள். அமெரிக்காவில் டிமோத்தி ஹோவானெக்கும் கூட்டாளிகளும் மீன்தொட்டி ஃபில்டர்களில் ஒட்டியிருந்த உயிர்களை மரபணு வழியாகத் தேடியபோது நைட்ரோபாக்டர் அங்கே அகப்படவில்லை. 1998-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோஸ்பைரா இனம் என்று காட்டியது. தவறான விதையை விதைத்துவிட்டு முளைக்கவில்லையே என்று எல்லோரும் அலுத்துக்கொண்டிருந்தார்கள்! 2011-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வளர்ந்த நன்னீர்த் தொட்டிகள் பலவற்றில் அமோனியாவைத் தின்பவற்றில் பெரும்பான்மை பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறொரு குலம். 2015-இல், நைட்ரோஸ்பைரா குடும்பத்திலேயே சில, அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிப்பது தெரியவந்தது. அதில் ஒன்று கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டர். ஆகப் பாட்டிலில் வருபவை தொடக்கத்துக்கான ஆட்கள். உங்கள் ஃபில்டரில் நிரந்தரமாகக் குடியேறப் போவது யார் என்பதை உங்கள் தண்ணீர் முடிவு செய்யும்.

நானே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கத்திரி வெயிலில், 15 லிட்டர் பிடிக்கும் மூன்று வாளிகளை மாடிப்படிக்கு அடியில் நிழலில் வைத்தேன். மூன்றிலும் ஒரே தண்ணீர், ஒரே அளவு பஞ்சு ஃபில்டர், ஒரே காற்று மோட்டார், அமோனியா 2 பிபிஎம். முதல் வாளியில் வேறு எதுவும் இல்லை. இரண்டாவதில், நான்கு நாள் கூரியர் வண்டியில் சுற்றி வந்த பாட்டில். பெட்டியைப் பிரிக்கும்போது பாட்டில் கைக்குச் சூடாக இருந்தது. மூன்றாவதில், என்னுடைய பழைய தொட்டியின் பஞ்சைப் பிழிந்த காபி நிற அழுக்கு ஒரு டம்ளர். தினமும் சாயங்காலம் சோதனைக் குழாயில் சொட்டு விட்டு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். அமோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். நான்காம் நாள் மூன்றாவது வாளி எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிட்டது. பாட்டில் ஊற்றிய வாளியும் ஒன்றும் ஊற்றாத வாளியும் இரண்டரை வாரம் வரை ஒரே பச்சை, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பாட்டிலை மோசடி என்று எழுதிவைத்திருப்பேன். மனசு கேட்காமல் மார்கழியில் அதே பெயர் கொண்ட பாட்டிலை, ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும் கடையில் வாங்கித் திரும்பச் செய்தேன். ஆறாம் நாள் அமோனியா மஞ்சளுக்கு வந்தது, பதின்மூன்றாம் நாள் நைட்ரைட்டும் இறங்கிவிட்டது. லேபிள் அதே, பாட்டில் வந்த வழி வேறு. அன்றிலிருந்து எந்த கம்பெனி நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் ஊரில் எந்தக் கடைக்காரர் அதை ஃப்ரிட்ஜில் வைக்கிறார் என்று திருப்பிக் கேட்கிறேன். சென்னைக்காரர் என்றால் கொளத்தூரில் நாலு கடை ஏறி இறங்கி இதை விசாரிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் ஆன்லைனில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். ஒன்று மட்டும்: திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உயிருள்ள பாட்டிலும் அப்படி நாறுவதுண்டு. மூக்கை வைத்து முடிவு கட்ட முடியாது, சோதனைக் குழாய்தான் சொல்லும்.

உங்கள் பாட்டில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. உயிருள்ள நைட்ரோசோமோனாஸ் நிறைந்த பாட்டிலாகவே இருந்திருந்தாலும் 60 லிட்டரில் முதல் நாளே ஆறு கோல்டு ஃபிஷ் என்பதை அது தாங்கியிருக்காது. கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழியும் மீன். அந்தத் தொட்டிக்கு, எல்லாம் பழகிய பிறகும், ஒன்று போதும். அதுவும் வளர்ந்ததும் பெரிய தொட்டி கேட்கும். மீதி நான்கில் இரண்டையாவது இடமுள்ள யாரிடமாவது இப்போதே கொடுத்துவிடுங்கள். மகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள், பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு பாட்டில் வாங்கலாமா? இந்த வாரம் காசு ஒன்றுக்குத்தான் என்றால், அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சொட்டு மருந்து சோதனைக் கிட்டை வாங்குங்கள். அது இல்லாமல் ஊற்றும் எந்தப் பாட்டிலும் இருட்டில் ஊற்றுவதுதான். தினமும் பார்த்து, அமோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம்மைத் தாண்டினால் தண்ணீர் மாற்றுங்கள். மூன்று நான்கு வாரம் பொறுமை வேண்டும்.

பாட்டிலை விட நல்லது இலவசமாகவே கிடைக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக ஓடும், மீன் நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டித் தரச் சொல்லுங்கள். அண்டை வீட்டில் உறை மோர் வாங்குவது போலத்தான். பஞ்சு நனைந்திருக்க வேண்டும், பையில் நிறையக் காற்றும் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் ஃபில்டருக்குள் போய்விட வேண்டும். பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில் பலனில்லை. இந்த உயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை, தண்ணீரில் மிதப்பது சொற்பம். கடைத் தொட்டியின் பஞ்சைக் கேட்காதீர்கள். அங்கே நோய்க்கு மருந்து ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம், போதாததற்குப் புது நோயும் கூடவே வரும்.

அடுத்த முறை புதுத் தொட்டி தொடங்கும்போது மீன் இல்லாமலே தொடங்குங்கள். அதற்கு அமோனியா வேண்டும். நம் பாத்திரக்காரர்கள் ஈயம் பூசப் பயன்படுத்தும் நவச்சாரம் இருக்கிறதே, அதுதான் அம்மோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் வேறு உலோகம் கலந்திருக்கலாம் என்பதால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய்மையானதாக வாங்குங்கள். 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, "விஷம்" என்று எழுதி ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். அதில் 20 மில்லி எடுத்தால் 60 லிட்டருக்கு ஏறக்குறைய 2 பிபிஎம் வந்துவிடும். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லா சிரிஞ்சுபோல ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டால் அளக்கச் சுலபம். குளோரின் போன தண்ணீரில் ஃபில்டரை ஒருநாள் ஓடவிட்டு, இந்தக் கரைசலை விட்டு, பாட்டிலைக் குலுக்கி நேராகப் பஞ்சின்மேலேயே ஊற்றுங்கள். கிருமி கொல்லும் யுவி விளக்கு இருந்தால் இரண்டு நாள் அணைத்து வையுங்கள். அமோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் மறுபடி 2 பிபிஎம். நைட்ரைட் ஏறி, நிறைய நாள் அப்படியே நிற்பது போலத் தோன்றும். அது நின்றால் அமோனியாவைப் பாதியாகக் குறைத்துக் காத்திருங்கள். விட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் அமோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் இல்லாமல் போகிறதா, பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். ஒன்றும் ஊற்றாமல் இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நல்ல பாட்டிலோ நண்பர் பஞ்சோ இருந்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே முடியலாம். நம் ஊர் சூடு இதற்குத் தோதானது, ஹீட்டர் தேவையில்லை.

கேன் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நல்ல பாட்டில்களையும் தோற்கடிப்பது அதுதான். அமோனியா நைட்ரேட்டாகும்போது தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பிஹெச் சரியாமல் தாங்கும் கையிருப்பைத் தின்றுகொண்டே போகும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் கணக்கு. ஆர்ஓ கேன் தண்ணீரில் இந்தக் காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3 பிபிஎம் அமோனியா முடிவதற்குள் கையிருப்பு காலி. பிஹெச் சரிந்து 6-ஐ நெருங்கியதும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அமோனியா சேரும், ஆனால் தாழ்ந்த பிஹெச்சில் விஷ உருவம் குறைவு என்பதால் மீன் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், சேர்ந்திருந்தது மொத்தமும் ஒரே மூச்சில் விஷமாகிறது. முன்னே சொன்ன ஆபத்து இதுதான். உங்கள் தொட்டி கேன் தண்ணீர் என்றால், மாற்றும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போர் தண்ணீரைக் கலந்து ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். மீன் இல்லாத தொட்டி என்றால் 5 கிராம் ஆப்பசோடா போதும், 60 லிட்டருக்குக் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்கு ஏறும்.

கடைசியாக, மீன் சோர்ந்திருக்கிறது என்று நீல மருந்தையோ மஞ்சள் மருந்தையோ ஆன்டிபயாடிக்கையோ இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். பஞ்சில் ஒட்டத் தொடங்கியிருப்பவற்றையும் அது கொன்றுவிடும். கரண்ட் போனால் காற்று மோட்டாரையாவது இன்வெர்ட்டரில் போட்டு வையுங்கள், பஞ்சுக்கும் மூச்சு வேண்டும்.

இன்று ராத்திரி தண்ணீர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அமோனியா, நைட்ரைட், பிஹெச் மூன்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். கிட் நாளைக்குத்தான் கிடைக்கும் என்றால் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். எண்களும், நிரப்பியது எந்தத் தண்ணீர் என்பதும், பாட்டில் லேபிளின் பின்பக்கத்தில் இருக்கும் எழுத்துகளும் தெரிந்தால் அடுத்து எவ்வளவு மாற்றுவது என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன்.